நாற்பத்தோராவது நாற்காலி

தனியார் பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் கவுண்டர் வேலை என்றால், வருகிறவர்களை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "இடமில்லைங்க" என்று சொல்லி அனுப்புகிற வேலை. தருமபுரி டவுனில் ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பிள்ளைக்கு இடம் தேடிச் செருப்புத் தேய்ந்தவர்கள் கவுண்டருக்குள் இருக்கிறவளைத் திட்டிக்கொண்டே இதைப் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் நானும் உங்கள் கட்சிதான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், என் மகனுக்கு இடம் கேட்டு மூன்று பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றவள்தான்.

அளவெடுத்தவர்

எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு ஒரே பிரிவு. நாற்பது குழந்தைகள், நாற்பது குட்டி மர நாற்காலிகள். மூன்று மடங்கு விண்ணப்பம் வரும் என்பதால் எல்லாப் பெற்றோரையும் ஹாலில் உட்கார வைத்துக் குலுக்கல் போடுவோம். பெயர் வந்த குழந்தைகளுக்கு நாற்காலியின் முதுகில் பெயரை அச்சடித்து ஒட்டிவிடுவோம். நாற்பதுக்கு மேல் வருகிற பெயர்கள் வந்த வரிசைப்படி காத்திருப்போர் பட்டியலில். பிறகு வாசலில் "அட்மிஷன் முடிந்தது" போர்டு தொங்கும். அதைத் தொங்க விடுகிறவளும் நான்தான்.

இந்த வருஷம் நாற்பத்தோராவதாக வந்த பெயர் அஃப்ரின். அவள் அப்பா இலியாஸ் மர வேலை செய்கிறவர், ஊரில் பல வூட்டுச் சமையலறை அலமாரி அவர் கைவேலை. குலுக்கல் முடிந்து எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போக, அவர் மட்டும் எல்.கே.ஜி. வகுப்பு ஜன்னல் பக்கம் போய் நின்றார். உள்ளே போனார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு நாற்காலியைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். அப்புறம் கவுண்டருக்கு வந்து, கேலி துளியும் இல்லாமல் சொன்னார்: "நாற்பது நாற்காலிதான் இருக்குதுன்னு சொல்றீங்க. நான் ஒண்ணு செஞ்சு கொண்டாந்து போட்டுடறனுங்க மேடம், அப்புறம் இடமில்லைன்னு சொல்ல மாட்டீங்கல்ல?"

தம்பி

அதே குலுக்கலில் கம்பைநல்லூரில் இருக்கிற என் தம்பி மகன் பெயரும் இருந்தது. நாற்பதுக்குள் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே தம்பி என் வூட்டுக்கு வந்தான். பட்டியலை அடிப்பது நான்தானே, கடைசிப் பெயரை எடுத்துவிட்டு இவன் பெயரை அடித்தால் யாருக்குத் தெரியும் என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தக் கடைசிப் பெயருக்கும் ஒரு அப்பன் இருக்கிறான்டா என்று சத்தம் போட்டேன். கொஞ்சம் தணிவாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கப்புறம் அவன் மகனுக்குக் காது குத்தியதை நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். சொந்த அத்தைக்கு அழைப்பில்லை. சண்டை போட்ட அன்றைக்கு நான் வைத்த காபியைத் தொடாமல் எழுந்து, வண்டியை எடுக்கும்போது அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு சீட்டு வாங்கித் தர முடியல, அப்புறம் அங்க உக்காந்துக்கிட்டு நீ என்னத்தக்கா கிழிக்கிற?"

பத்து மணி போன்

பள்ளி திறந்ததும் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு போன் வரும். அஃப்ரினின் அம்மா ஷமீம். "யாராச்சும் டி.சி. வாங்கிட்டாங்களா மேடம்?" இதே கேள்விதான். யாராவது ஒரு குழந்தை பள்ளியை விட்டுப் போனால் அந்த இடம் பட்டியலில் முதலில் இருக்கிற அஃப்ரினுக்கு. நான் "இல்லைங்க" என்பேன், அவர் "சரிங்க மேடம்" என்பார். ஒரு நாள் விடாது. ஞாயிற்றுக்கிழமையில்கூடப் பத்து மணி ஆனால் என் கை போனைத் தேட ஆரம்பித்துவிட்டது.

நான் பொறுமைசாலி இல்லை. பன்னிரண்டாம் நாளோ என்னவோ, கவுண்டரில் கூட்டம் நெரிகிறபோது போன் அடிக்க, வெடித்துவிட்டேன். "ஒரு குழந்தை போனாத்தான் உங்க குழந்தைக்கு இடம். எந்தக் குழந்தை போகணும்கிறீங்க, நீங்களே சொல்லுங்க?" என்றேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஷமீம் மெதுவாகச் சொன்னார்: "யாரும் கஷ்டப்பட்டுப் போவக் கூடாதுங்க மேடம், யாரோ ஒரு அப்பாவுக்கு நல்ல ஊரா டிரான்ஸ்பர் கிடைக்கணும்னுதான் அஞ்சு வேளைத் தொழுகையிலயும் துஆ கேக்கறேன்."

காரணம் எழுதும் இடம்

ஜூலையில் சுமதி வந்தார். யாழினியின் அம்மா. யாழினி குலுக்கலில் பெயர் வந்த குழந்தை, இரண்டாம் வரிசையில் ஜன்னலோர நாற்காலி. அப்பா லாரி ஓட்டுகிறவர். தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் போய்ச் சேர்ந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. கடத்தூர் பக்கம் பிறந்த வூட்டோடு போகிறேன், அங்கிருந்து பாப்பாவை இங்கே அனுப்பத் தோதுப்படாது என்று டி.சி. கேட்டார்.

விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கோடு இருக்கும். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதச் சொன்னேன். எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். இந்த வேலை மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: "நாற்காலியில பாப்பா பேரு ஒட்டியிருக்குதுங்களே, அத இன்னிக்கேவா எடுத்துருவீங்க?"

டிரான்ஸ்பர்

காலியான இடத்துக்குக் கூப்பிட்டால் மூன்று நாளுக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். எங்கள் விதி அது. யார் போனார்கள், ஏன் போனார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது என்பதும் விதி. மறுநாள் பத்து மணி போனுக்கு நான் காத்திருக்கவில்லை, ஒன்பதரைக்கு நானே கூப்பிட்டேன். இடம் வந்திருக்கிறது என்றேன். ஷமீம் அழுதுவிட்டார். கொஞ்சம் தேறி, "டிரான்ஸ்பருங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். வாய் கூசாமல் வந்தது. நல்ல மனசு படைத்த ஒருத்திக்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஷமீம் சொன்னது அந்தச் சமாதானத்தைக் கெடுத்துவிட்டது: "அந்தக் குடும்பம் போற ஊருல நல்லா இருக்கட்டும் மேடம், நான் கேட்ட துஆ வீண் போவல."

மூன்றாம் நாள்

அன்றைக்கு மதியமே ஸ்வீட் பெட்டியோடு மூன்று பேரும் வந்தார்கள். அஃப்ரின் தலையில் புது ரிப்பன். ஷமீம் ஆசையாகக் கேட்டார், "அவங்கள எந்த ஊருக்கு மாத்தியிருக்காங்க மேடம்?" ஓசூர் என்றோ சேலம் என்றோ சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்கு எழவில்லை. விதியாவது ஒன்றாவது, நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஷமீம் ஸ்வீட் பெட்டியை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்தார். "நமக்கு இந்த இடம் வேண்டாங்க" என்று புருஷனிடம் சொன்னார். இலியாஸ் அந்த நாற்காலியைப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டார். கூட்டிப் போய்க் காட்டினேன். யாழினி என்ற பெயரை நான் இன்னும் எடுத்திருக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மூணு நாள் இருக்குதில்லைங்களா என்று கேட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் பட்டியலில் அடுத்த நம்பரை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன், கூப்பிட மனசு வரவில்லை. நாலு மணிக்கு, பள்ளி விடுகிற நேரத்தில், டி.வி.எஸ். வண்டியின் பின்னால் ஒரு குட்டி நாற்காலியைக் கட்டிக்கொண்டு இலியாஸ் வந்தார். மற்றவை போலவே உயரம், அதே நீலப் பெயின்ட், வாடைகூடப் போகவில்லை. பின் இருக்கையில் நாற்காலி வந்துவிட்டதால் ஷமீமும் அஃப்ரினும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வகுப்புக்குக் கூட்டிப் போனேன். யாழினியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இதைப் போட்டு, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எம் மக இதுல உக்காரட்டுங்க மேடம், அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும், நாளைக்கு அவங்கம்மா பாப்பாவக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்தாங்கன்னா, நீங்க இடமில்லைன்னு சொல்லக் கூடாது."

பதிவேட்டில் இன்றைக்கும் நாற்பது பேர்தான், வாசலில் அதே போர்டுதான், ஆனால் "இடமில்லைங்க" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஜன்னலோரம் யாழினி பெயரோடு ஒரு நாற்காலி காலியாகக் கிடப்பது எனக்கு மட்டும் ஞாபகம் வந்து தொலைக்கிறது.