சிலிர்க்காத சேவல்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தம்பியின் காய்ச்சலுக்குக் கமுதியிலிருந்து வாங்கிவந்த மருந்தும் கேட்காமல் போகவே, காய்ச்சல் இறங்கினால் செஞ்சேவலைத் தருவதாக எங்களைப் பெற்ற அய்யா, கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டார். நாலாம் நாளே இறங்கிவிட்டது. தம்பி பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பொங்கலோடு திருப்திப்படும் சாமியாகப் பார்த்துப் பிழைத்திருக்கலாம். அது என் சேவல். பருந்து நழுவவிட்ட குஞ்சை அம்மா மடியில் வைத்துத் தேற்றினாள். வற்றல் காயும் களத்தில் அது என் பின்னாலேயே திரிந்து வளர்ந்தது.

"சாமிக்கு வேற சேவலே இல்லையாக்கும்" என்று அம்மா முணுமுணுத்ததோடு சரி.

எங்கள் பக்கத்தில் வெட்டுமுன் மஞ்சள்நீர் தெளிப்பார்கள். சேவல் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார். மூன்று தடவை தெளித்தும் சிலிர்க்காவிட்டால் அவருக்கு வேண்டாம் என்று அர்த்தம். ஆக, சேவலைச் சிலிர்க்காமல் செய்ய வேண்டியது என் பொறுப்பு.

ஒரு வாரம் கருவேலமரத்தடியில் சோதித்துப் பார்த்தேன். ஈர்க்குச்சியால் ஒற்றை இறகின் நுனியைத் தொடுவேன். தோலில் படவே படாது, ஆனாலும் அந்த இடம் துடிக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், உடம்பையே உதறும். பாவி, ஒரு தடவைகூட ஒத்துழைக்கவில்லை. எண்ணெய்த் தலையில் தண்ணீர் ஒட்டாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோயிலுக்குக் கிளம்பும் காலையில் விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துச் சேவலின் கழுத்திலும் முதுகிலும் தடவிவிட்டேன்.

பிள்ளையைப் பெற்றவள்தான் சேவலைப் பிடிக்க வேண்டும். அம்மா இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். பூசாரி தெளித்தார். அசைவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அய்யாவின் முகம் வெளுத்தது. சாமி கோபித்துத் தம்பியை எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. மூன்றாவது தடவையும் சேவல் அப்படியே இருந்தது.

"சாமிக்கு மனசு குளுந்துருச்சுப்பா. உசுரோட கொண்டு போங்க" என்றார் பூசாரி.

வீட்டுக்கு வந்ததும் அய்யா, "ஏ புள்ள, வெளக்கெண்ணெய எங்க?" என்றார். "எலி உருட்டியிருக்கும், வேற வாங்கிட்டு வாங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள். தம்பி அதன்பின் தும்மக்கூட இல்லை. சேவலும் கிழடுதட்டும்வரை கூவியது.

கருப்பசாமியையே ஏமாற்றியவள் என்ற கர்வம் வெகுகாலம் எனக்கு இருந்தது. தம்பி மகன் கால்நடை மருத்துவனாகி வந்தபோது அவனிடம் பீற்றிக்கொண்டேன். அவன் சிரித்தான். ஒவ்வொரு இறகின் பக்கத்திலும் முடிபோல் ஒரு குட்டி இறகு உண்டாம். பெரிய இறகு இம்மி அசைந்தாலும் அந்தக் குட்டி இறகின் அடியிலுள்ள நரம்பு மூளைக்குச் சேதி சொல்லிவிடுமாம்.

"எண்ணெ தடவுனா இன்னும் கூடத்தான் ஒதறும் அத்தை. எறகு அசையாம யாரோ இறுக்கிப் பிடிச்சிருக்காக."

அன்று கோயிலிலிருந்து திரும்பும் வழி முழுக்க அம்மா விரல்களை உதறிக்கொண்டே வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு என்றுதான் நான் நினைத்தேன்.