மேலாளருக்குத் தனி டிஸ்க்

தொண்ணூறுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தலைமை அலுவலகத்துக்கும் கிளைகளுக்கும் மின்னஞ்சல் தந்த யூனிக்ஸ் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. எல்லாருடைய அஞ்சல் பெட்டிகளும் ஒரே டிஸ்க்கில்தான். ஒருவர் குப்பை சேர்த்தால் மற்றவர்களுக்கு அஞ்சல் வராது. இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரே குளியலறை உள்ள வீட்டில் வளர்ந்திருந்தாலே போதும்.

எங்கள் மேலாளருக்குப் புரியவில்லை. மகளின் கல்யாணப் படங்களை ஸ்கேன் செய்து அலுவலகத்தில் எல்லாருக்கும் அனுப்பி வைத்தார். அதே படங்கள், ஆளுக்கொரு பிரதி. மத்தியானத்துக்குள் டிஸ்க் நிரம்பிவிட்டது. கிள்ளான் கிளையில் கப்பல் ஆவணங்களைக் கவனித்த அக்கா போன் செய்தார்.

"என்னம்மா, காலையிலேருந்து ஒரு மெயிலும் வரல. கப்பல் வந்து நிக்குது, லோரிக்காரன் இங்க கத்துறான்!"

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் வெளியேற்றினேன். மேலாளரின் பெட்டியை மட்டும் தொடவில்லை. மறுநாளே ஆளுக்கு இவ்வளவு இடம்தான் என்று கோட்டா போட்டேன். மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்குமா லிமிட்டு? நான் மேனேஜர்லா!"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் பாஸ்."

"கிளார்க்குக்கும் எனக்கும் ஒரே அளவா? என்ன பேசுற நீ?"

அரசாங்கத்தின் இனவாரிக் கோட்டாவால்தான் தன் மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை என்று எந்த விருந்திலும் பாயசம் வருவதற்குள் பொருமித் தீர்ப்பவர் இவர். மேலே இருப்பவனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா என்று கேட்பார். இப்போது மேலே இருந்தது அவர். அதனால் அந்தக் கேள்வி அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது.

"சரி பாஸ், உங்களுக்குன்னு தனியா ஒரு டிஸ்க்கே போட்டுடறேன். வேற யாரும் அதுல வர முடியாது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டோர் அறையில் தூசி படிந்து கிடந்த பழைய டிஸ்க் அது, மிகச் சிறியது. எவ்வளவு பெரியது என்று அவர் கேட்கவே இல்லை. தனி என்ற ஒரு சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. அன்றே கேன்டீனில் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார். கணக்குப் பிரிவின் தலைவர் என்னிடம் வந்து, "எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு போட முடியுமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

சீக்கிரமே அந்த டிஸ்க் நிரம்பியது. மற்ற எல்லாருக்கும் அஞ்சல் ஒழுங்காக வந்தது. அவருக்கு வந்தவை மட்டும் அனுப்பியவர்களிடமே திரும்பிப் போயின. இதில் கேவலம் என்னவென்றால், அதை யாரும் கவனிக்கவில்லை. அலுவலகம் வழக்கம்போல் ஓடியது. எனக்குமா லிமிட்டு என்று கத்தியவருக்கே, தனக்கு அஞ்சல் வருவதில்லை என்று தெரியவில்லை.

கடைசியில் கோல்ஃப் நண்பர் ஒருவர் போனில் திட்டிய பிறகுதான் ஓடி வந்தார்.

"சர்வர் செத்துப்போச்சா?"

"இல்ல பாஸ். உங்க டிஸ்க் மட்டும் ரொம்பிடுச்சு. கல்யாணப் படத்த அழிச்சாப் போதும்."

கல்யாணத்தையே ரத்து செய்யச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு செயலாளரை அழைத்து, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அழிக்கச் சொன்னார். அலுவலகப் பிரிண்டருக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். பட்டுப்புடவை கரிப்புகையாக வந்து விழுந்தது. அதையும் அவர் ஃபைலில் போட்டு வைத்தார்.

வருடக் கடைசியில் எல்லாக் கிளைகளையும் கூட்டி, அஞ்சல் பெட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்று அவரே உரையாற்றினார். ஒழுக்கம் மேலிருந்து தொடங்க வேண்டுமாம். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன், பிறகு எழுந்துபோய்ப் பலகார மேசையிலிருந்து ஒரு கறிபஃப் எடுத்துக்கொண்டேன்.