பால் காய்ச்சும் நேரத்தில் ஒரு பிரஷர் டெஸ்ட்

1. பை

கேஸ் வேலைக்கு நான் வந்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. அதற்கு முன் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் விருந்துக்கூட மேலாளர். டை கட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே நிற்கும் உத்தியோகம். ஹோட்டலில் ஆள் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே என் பெயர் இருந்தது. மறுபயிற்சி வகுப்புகளின் பட்டியலை என் மனைவிதான் கைப்பேசியில் பார்த்தாள்.

"ஏர்கான் வேணாம், உங்களுக்கு ஏணின்னா தலை சுத்தும். எலெக்ட்ரிக் வேணாம், எனக்குப் பயம். கேஸுக்குப் போங்க. வீட்டுல பருப்பு கருகினாகூட உங்களுக்குத் தெரிய மாட்டேங்குது, மூக்குக்காவது வேலை கிடைக்கட்டும்" என்றாள்.

வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாளே ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். "கேஸ் வேலைக்கு என்னென்ன வேண்டும்?" என்று கேட்டேன். வேலை தெரியாத ஆள் என்று கடைக்காரருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் எடுத்து வைத்ததையெல்லாம் தலையாட்டி வாங்கினேன். பை பதினாறு கிலோ. மறுநாள் காலை பாசிர் ரிஸ் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் அதைத் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு போனதை அக்கம்பக்கத்தார் எல்லோரும் பார்த்தார்கள்.

பயிற்சியாளர் என் பையைத் திறந்து மேசைமேல் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கமும் வலது பக்கமும் வைத்தார்.

"இது ஏர்கான்காரனுக்கு. இது கார் மெக்கானிக்குக்கு. இது பெரிய பில்டிங் பைப்புக்கு. இது என்னன்னு எனக்கே தெரியல லா."

கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இரண்டு, ஏனென்றால் ஒன்று நட்டைத் திருப்பும்போது இன்னொன்று பைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பைப் கட்டர். ஜாயிண்டுகளில் சுற்ற, கேஸுக்கென்றே விற்கும் சீல் டேப். சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில், கசிவு உள்ள இடத்தில் அடித்தால் குமிழ் வரும். கையடக்க கேஸ் டிடெக்டர். ஒரு டார்ச். பிறகு மானோமீட்டர். மற்றதெல்லாம் இன்றும் என் வீட்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது. மனைவி அதை மியூசியம் என்பாள்.

2. தண்ணீர் பொய் சொல்லாது

மானோமீட்டர் என்பது பார்க்க அப்பாவியான கருவி. 'U' வடிவக் கண்ணாடிக் குழாய், அதில் பாதிவரை தண்ணீர், பக்கத்தில் அளவுகோல். அதை ரப்பர் ட்யூபால் வீட்டின் கேஸ் பைப்போடு இணைத்து, பைப்புக்குள் காற்றை ஏற்றி, வால்வை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய இடத்திலேயே நின்றால் பைப்பில் கசிவு இல்லை. இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, கேஸ் திறக்கக் கூடாது. "தண்ணி பொய் சொல்லாது" என்று பயிற்சியாளர் தினமும் சொல்வார். நான் அதைக் குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்டு எழுதி வைத்தேன்.

தேர்வில் எப்படியோ தேறினேன். ஒரு நிறுவனத்தில் பயிற்சி ஊழியனாகச் சேர்ந்தேன். லைசென்ஸ் வரும்வரை லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ்தான் வேலை செய்யலாம். எனக்கு வாய்த்த மேலதிகாரி ஷர்மிளா, வயது இருபத்தெட்டு. முதல் நாளே அந்தப் பொண்ணு என்னை "ஜோசப் அங்கிள்" என்று கூப்பிட்டது. அன்று இரவு வீட்டுக்கு வந்து தலைமுடிக்குச் சாயம் பூசினேன். மறுநாளும் அங்கிள்தான்.

கம்பெனி கொடுத்த ரப்பர் ட்யூப் குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தது. மானோமீட்டரைப் பார்க்க நான் குனிந்து, முட்டிபோட்டு, சில நேரம் தரையில் படுக்க வேண்டியிருந்தது. என் மூளை வேலை செய்தது. வீட்டருகே மீன் விற்கும் கடையில் மீன்தொட்டிக்குக் காற்று விடும் ட்யூப் மீட்டர் கணக்கில் கிடைத்தது. தெளிவாக, மெத்தென்று, வேண்டிய நீளத்துக்கு. பித்தளை முனையில் அது சற்றுத் தளர்வாக உட்கார்ந்தது. கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கினேன். கம்பெனிக்கே ஒரு புது வழி காட்டிவிட்ட பெருமையோடு, சரியான நேரம் பார்த்து ஷர்மிளாவிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அந்தச் சரியான நேரம் சுவா சூ காங் வட்டாரத்தில் ஒரு வீட்டில் வந்தது.

3. தேவகி வீட்டுச் சமையலறை

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஒரே அடுக்குமாடி புளோக்கில் எங்களுக்கு இரண்டு வீட்டில் வேலை. ஏழாம் மாடியில் ஷர்மிளா, பதினோராம் மாடியில் நான்.

"அங்கிள், நீங்க டெஸ்ட் மட்டும் போட்டு வைங்க. நான் வந்து பார்த்து கேஸ் திறக்கிறேன். நீங்களா ஒண்ணும் திறக்காதீங்க" என்றது.

பதினோராம் மாடியில் கதவு முழுக்க மாவிலைத் தோரணம். உள்ளே பதினைந்து பேர், பட்டுப்புடவையும் வேட்டியுமாக. புது அடுப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பக்கத்தில் புதுப் பானையும் பாலும் தயாராக இருந்தன. வீட்டுக்காரி தேவகி. ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறவர், ஐம்பதை நெருங்கும் வயது.

"அண்ணே, ஒம்பதரையிலேர்ந்து பத்தரை வரைக்கும்தான் நல்ல நேரம். அதுக்கப்புறம் ராகு காலம். அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?"

ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற ஆள் நான். ராகு காலத்தை அன்றுதான் நிமிடக் கணக்கில் கற்றேன். மணி எட்டே முக்கால். "அரை மணி நேரத்துல முடிச்சிடலாம், மேடம்" என்று ஹோட்டல் சிரிப்பு சிரித்தேன்.

காற்றை ஏற்றினேன். தண்ணீர் ஏறியது. காத்திருந்தேன். தண்ணீர் மெதுவாக இறங்கியது.

அடுப்பு ஜாயிண்ட், மீட்டர் ஜாயிண்ட், பைப் வளையும் எல்போ எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்தேன். எங்கும் குமிழ் வரவில்லை. மறுபடி டெஸ்ட். மறுபடி இறங்கியது. ஜாயிண்டுகளைக் கழற்றி, டேப்பைப் பிரித்து, புதிதாகச் சுற்றி இறுக்கினேன். பின்னால் பதினைந்து பேரும் சமையலறை வாசலில் நெருக்கிக்கொண்டு நின்று என் முதுகையே பார்த்தார்கள். மணி ஒன்பதே முக்கால். தண்ணீர் இறங்கியது.

தேவகியின் தம்பி மணியம் பொறுமை இழந்தார். "என் வீட்டுல ஸ்டீம்போட் சூப் வைக்கிற சின்ன அடுப்பு இருக்கு, போய் எடுத்துட்டு வரட்டுமா? அதுல பொங்க விட்டா என்ன?"

"வேணாம்டா" என்றார் தேவகி. அவர் கத்தவில்லை. "ஒம்பது வருஷம் உன் வீட்டு ஹால்ல படுத்திருந்தோம், நானும் பிள்ளையும். உன் பொண்டாட்டி ஒரு நாளும் முகம் சுளிக்கல. ஆனா ஒரு டீ போடணும்னாகூட கேட்டுத்தான் போட்டேன். இன்னிக்கு என் அடுப்புல பொங்கணும்."

மணியம் என் பக்கம் திரும்பினார். "என்னதான் பிரச்சினை, பாஸ்?"

ஹோட்டலில் பதினெட்டு வருடம் நான் கற்றது ஒன்றுதான். விருந்துக்குச் சாப்பாடு தாமதமானால், அங்கே இல்லாத யார்மேலாவது பழியைப் போட்டுவிட வேண்டும். சப்ளையர், லாரி, மழை, எதுவானாலும் சரி. வாய் தானாகத் திறந்தது.

"பைப் போட்டவங்க வேலை சரியில்லைங்க."

இப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு குமிழ்கூட இல்லை.

மணியம் உடனே பைப் போட்ட லிம்முக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கேஸ்காரரே சொல்றாரு, உன் வேலை குப்பைன்னு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். லிம் அப்போது பூன் லே வட்டாரத்தில் இன்னொரு வீட்டில் வேலையில் இருந்தார். "நான் டெஸ்ட் பண்ணிட்டுத்தானே போனேன்? சரி, வரேன்" என்றார் ஆங்கிலமும் மலாயும் கலந்து. அதே புளோக்கில் மூன்று வீட்டார் அவரிடம் வேலை கொடுக்க இருந்தார்கள் என்றும், அதில் இரண்டு வீட்டார் அந்தக் கூடத்திலேயே பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு ஷர்மிளா மேலே வந்தது. பைப்பைப் பார்க்கவே இல்லை. என் மானோமீட்டரைப் பார்த்தது. கேபிள் டையைப் பார்த்தது.

"அங்கிள், இது என்ன ட்யூப்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"மீன்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

என் கையிலிருந்த ஸ்பிரே பாட்டிலை வாங்கி, கேபிள் டைமேல் ஒருமுறை அடித்தது. குமிழ் குமிழாக நுரைத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக நான் அந்த வீட்டுப் பைப்பில் தேடிய கசிவு என் கையில்தான் இருந்தது. தண்ணீர் பொய் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருந்தேன்.

ஷர்மிளா தன் பையிலிருந்து தன்னுடைய ட்யூபை எடுத்து மாட்டியது. டெஸ்ட் போட்டது. தண்ணீர் ஏறிய இடத்தில் ஆணி அடித்தது போல நின்றது. முறைப்படி எல்லாம் முடித்து கேஸ் திறந்து, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டியபோது மணி பத்து இருபது. ஏழாம் மாடியில் பாதி வேலை கிடந்ததால் ஷர்மிளா இறங்கிப் போய்விட்டது. லிம்முக்குப் போன் போனது அதற்குத் தெரியாது.

பத்து இருபத்தேழுக்குப் பால் பொங்கியது. கூடமே ஒரே குரலில் கூவியது. தேவகி அழுதார், மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மணியம் என் முதுகில் தட்டி, "கரெக்ட்டான நேரத்துல காப்பாத்திட்டீங்க, பாஸ்! அந்த ஆள் போட்ட குப்பையைச் சரி பண்ணிட்டீங்க!" என்றார். என் கையில் முதல் டம்ளர் பால். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். குடிக்கவும் செய்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்து முப்பத்தைந்துக்கு லிம் வந்தார். அறுபது வயதிருக்கும். சட்டை முழுக்க சிமெண்ட் தூசி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையில் ஸ்பேனரோடு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். மணியம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நல்ல நாள், நல்ல நேரம், உன்னால் போகப் பார்த்தது, இந்த புளோக்கில் இனி உனக்கு வேலை கிடையாது என்று அடுக்கினார். லிம் அடுப்பு எரிவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிடும். அவர் போய்விடுவார், நான் நல்லவனாகவே இருந்துவிடுவேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மணியம் சார், பைப்புல ஒண்ணும் இல்லை" என்றேன். "என் ட்யூப்தான் லீக். மீன்தொட்டி ட்யூப். நான் தெரியாம அவர் பேரைச் சொல்லிட்டேன். தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்துட்டேன். என் தப்பு."

கூடத்திலிருந்து ஒரு குழந்தை மட்டும், "மீன் எங்க?" என்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மணியத்துக்குக் காதுவரை சிவந்தது. தேவகி எங்கள் இருவரையும் தாண்டி வந்து, லிம்மிடம் ஒரு டம்ளர் பாலை நீட்டினார். "சாரி அங்கிள். குடிங்க."

லிம் வாங்கவில்லை. "முதல்ல டெஸ்ட்" என்றார்.

அவரும் லைசென்ஸ் உள்ளவர்தான். அவரே மீட்டர் வால்வை மூடினார். ஷர்மிளா விட்டுப்போன ட்யூபை முதலில் தானே சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டு மானோமீட்டரை மாட்டினார். பிறகு விரலை நீட்டி எல்லோரையும் கூப்பிட்டார். வேலை தருவதாக இருந்த அந்த இரண்டு வீட்டாரையும் பெயர் சொல்லி முன்னால் நிற்க வைத்தார். பதினைந்து பேரும் பால் டம்ளரோடு அந்தச் சின்னச் சமையலறையில் நெருக்கி நின்று, ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அசைகிறதா என்று பார்த்தோம். ஐந்து நிமிடம். யாரும் இருமவில்லை. தண்ணீர் மயிரிழைகூட இறங்கவில்லை.

"இப்ப சொல்லு" என்றார் லிம் என்னிடம். "சத்தமா."

"பைப்பில் கசிவு இல்லை. மிஸ்டர் லிம் செய்த வேலை நல்ல வேலை" என்றேன். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. காதெல்லாம் எரிந்தது. அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் தேவகியிடமிருந்து டம்ளரை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, ஆறிப்போயிருந்தாலும் இனிப்பாக இருக்கிறது என்றார். மணியம் அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அன்றைய வேலை அறிக்கையில் தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் நடந்ததை முழுவதும் எழுதி ஷர்மிளாவிடம் கொடுத்தேன். எனக்கு லைசென்ஸ் மூன்று மாதம் தள்ளிப்போனது. அது நியாயம்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். தண்ணீர் இறங்கினால் முதல் சோப்பை உங்கள் கருவிக்கே அடியுங்கள். நிறுவனம் கொடுத்த ட்யூபை மாற்றாதீர்கள், உங்கள் மூளை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும். அவசரத்தில் இன்னொரு வேலையாளைக் குறை சொல்லிவிட்டால், அதைக் கேட்டவர்கள் பாலைக் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதற்குள், அதே இடத்தில், அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி திருத்திச் சொல்லிவிடுங்கள்.