கதவைச் சாத்திக் கேட்ட கேள்வி

அந்தமானில், ஹேடோவில் எங்கள் துறைமுகக் குடியிருப்புக்குச் சுகாதார ஆராய்ச்சிக்காரர்கள் எடை மிஷினோடு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மெயின்லேண்ட் கப்பல் இல்லை. எனக்கும் வேலை இல்லை. தீவில் ஏன் உடம்பு பெருக்கிறது, எவ்வளவு நடக்கிறோம், வீட்டில் அடிதடி உண்டா என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறார்களாம்.

முதலில் நடையில் நிற்க வைத்து இடுப்பை அளந்தார்கள். அளந்த பெண் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். டேப்பைக் கண்டதும் எனக்குக் கூச்சம் வந்துவிட்டது.

"அரே அங்கிள், வயித்த உள்ள இழுக்காதீங்க. மூச்ச விடுங்க."

விட்டேன். டேப் கொஞ்சம் போதாமல் போனது போலிருந்தது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அவளை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். என்னோடு துறைமுகத்தில் மூட்டை இறக்கும் தெலுங்குக்காரர் பக்கத்து வீடு. அவர் தன் முறையை முடித்துவிட்டு வந்திருந்தார்.

"உள்ள என்ன கேக்குறாங்க தெரியுமா பாய்? பீவிய, கட்டுன பொண்டாட்டிய அடிப்பியான்னு! அரே பஹன், தங்கச்சி, அவ என்னை அடிக்காம இருந்தாப் போதும்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒருமுறை அடித்திருக்கிறேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பத்து நாளாகக் கப்பல் வராத ஒரு மழைக்காலம். கடையில் காய்கறி இல்லை, பால் பவுடர் இல்லை. மனைவி ஏதோ கேட்டாள். எனக்கு எப்போதுமே பேச்சு சட்டென்று வராது. அன்று வார்த்தைக்குப் பதில் கை போய்விட்டது. அதன்பின் அடித்ததில்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை.

கதவு திறந்தது. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். என் முறை வந்தது.

எத்தனை மணி நேரம் நிற்கிறேன், எவ்வளவு சர்க்கரை போடுகிறேன் என்றெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "பேரு எழுத மாட்டோம் அங்கிள், சீட்டு நம்பர் மட்டும்தான். கோவத்துல ஆன்ட்டிய எப்பவாச்சும் அடிச்சிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். எளிது. தரையைப் பார்த்தபடி, "ஒரு தடவை" என்றேன். அவள் நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மனைவி மீன் அரிந்துகொண்டே கேட்டாள். "அந்தக் கேள்விக்கு என்ன சொன்னீங்க?"

"ஒரு தடவைன்னேன்."

அரிவாள்மனையில் அவள் கை நின்றது. "அய்யய்யோ, நான் இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேனே! வாயத் திறக்காத மனுசன், இதுக்கு மட்டுமா திறக்கணும்?"

"நீ ஏன் இல்லைன்ன?"

"ஊரு பேரு தெரியாத புள்ளைக்கிட்ட உங்களை விட்டுக்குடுப்பேனா?"

"அன்னைக்கு நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்றேன். இத்தனை வருடத்தில் முதல்முறை.

அவள் மீனைக் கழுவி, உப்பும் மஞ்சளும் பிசறினாள். பிறகு, "இதைச் சொல்ல வைக்க ஒரு ஆபீஸே கிளம்பி வர வேண்டியிருக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அவள் அடுத்த பிளாக்கிலிருந்து வேர்க்க வேர்க்க நடந்து வந்தாள்.

"அந்தப் புள்ளை அங்கதான் எழுதிட்டிருக்கு. நம்ம சீட்டு நம்பரைச் சொல்லி, ஒரு தடவைன்னு மாத்திக்கச் சொல்லிட்டேன். நீங்க உண்மையச் சொல்லி, நான் பொய் சொன்னவளா இருக்கணுமா?"

"மாத்திக்கிச்சா?"

"அதை மாத்திக்கிச்சு. கையோட என் எடையில ரெண்டு கிலோ கொறைக்கச் சொன்னேன். அதுக்கு மட்டும் நெஹி ஆன்ட்டின்னுருச்சு."