இருட்டறை சுவிச்சு

எங்கள் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்பைச் சரிபார்க்க மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒல்லியானவர். இருட்டறைக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அதன் முள் மினுங்குமாம்.

"இந்த மைக்ராஸ்கோப்புல இருக்கிறது துளி வெளிச்சத்தையும் பிடிக்கிற டிடெக்டருங்க. ஓடுறப்ப டியூப்லைட்டு பட்டா செத்துப்போகும்."

குளிருக்காக அறையில் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரின் சத்தம் நின்றது. கரண்டு போய்விட்டது. டிடெக்டர் மட்டும் பேட்டரியில் ஓடியது. அப்போது சுவரில் 'டக்' என்று கேட்டது. கரண்டு போனதும் லைட் சுவிச்சைத் தட்டிப் பார்க்கிற வீட்டுப் பழக்கம்தான். தட்டியது அவரேதான்.

பதறிப்போய் மறுபடி தட்டினார். "கரண்டு வந்தா லைட் எரிஞ்சிடும். அணைச்சிட்டேன்ல? நீங்களும் தொட்டுப் பாருங்க."

சுவிச்சைத் தடவிப் பார்த்தேன்; அவர் விரலும் என் விரல்மேல் வந்து அழுத்தியது. சுவிச்சு அணைத்த பக்கம்தான் இருந்தது.

கரண்டு வந்து ஹீட்டர் மறுபடி இரைந்தது. அறை இருட்டாகவே இருந்தது. ஆனாலும் என் விரல்மேல் அழுத்தியிருந்த அவருடைய சில்லிட்ட விரலை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.