பத்மாவின் பெயருக்கு எதிரே ஓர் எண்

செய்தி பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. இடப்பள்ளியில் இருக்கும் பத்மாவின் மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா போயி" என்றாள். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். இதை மறைத்து எழுதினால் பத்மாவை அறிந்த உங்களிடம் பொய் சொன்னதாகும்.

பயத்துக்குக் காரணம் நம் குடும்பப் புத்தகம். மட்டாஞ்சேரியில் பல தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பெயர்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சங்கம் அச்சிடுகிறது. இறந்தவரின் பெயரை நாம் அடிப்பதில்லை. விளக்குப் படம் போட்ட கடைசிப் பக்கங்களுக்கு மாற்றுகிறோம். அச்சுக்குக் கொடுக்குமுன் பக்கங்களைச் சங்கத்துச் சுவரில் ஒட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து தங்கள் பெயரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்தப் புத்தகத்தை நானும் பத்மாவும்தான் செய்துவந்தோம். இனி அவர் பெயரை மாற்ற வேண்டியவன் நான்.

பத்மா வருவதற்குமுன் பத்து வருடம் நான் தனியாகச் செய்தேன். கம்ப்யூட்டரை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. அரிசி மண்டி வேலையை விட்ட பிறகு நானே தட்டித் தட்டிப் பழகினேன். ஒரு பெயரை மாற்ற வேண்டுமென்றால் வெட்டி, ஒட்டி, கீழே உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவேன். அதற்கு ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. பத்மா வந்த முதல் வருடமே மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மனத்தாங்கல் எனக்கு உண்டு, இன்றும் உண்டு.

மிளகு ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மட்டாஞ்சேரிக் குடும்பம்தான்; வைப்பின் தீவில் குடியிருந்ததால் படகில் வருவார். வந்த வாரமே எல்லாப் பெயர்களையும் எக்செல் பட்டியலில் ஏற்றினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம். உயிருடன் இருப்பவருக்கு ஒன்று, மறைந்தவருக்கு இரண்டு. எண்ணை மாற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் புத்தகமே மறுபடி அமைந்துவிடும். ஒருநாள் ஊர்ப் பெயரை வரி வரியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். "நில்லுங்க அண்ணே" என்று மவுஸை வாங்கினார். கட்டத்தின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி. அதை இருமுறை தட்டினார். 'மட்டாஞ்சேரி' என்ற சொல் பட்டியலின் அடிவரை நிரம்பிவிட்டது. என்னுடைய மூன்று நாள் வேலை அது. அவர் குழந்தை மாதிரி சிரித்தார். இவ்வளவு வேகமாக நடப்பது எதுவாக இருந்தாலும் அதே வேகத்தில் கெடும் என்று சொன்னேன். "சேட்டன்மார் எல்லாம் இப்படித்தான். முதல்ல ஒரு சாயா குடிங்க" என்றார்.

அடுத்த புத்தகத்தில் அது நடந்தது. தெருவில் ஒருவர் இறந்திருந்தார். அவர் பெயருக்கு எதிரே பத்மா இரண்டு என்று போட்டார். கை பழக்கத்தில் மூலைப் புள்ளியை இருமுறை தட்டிவிட்டது. அதற்குக் கீழே இருந்த அத்தனை பேரும் இரண்டு ஆனார்கள். நேரம் மிச்சமாயிற்று என்ற சந்தோஷத்தில் படிக்காமலே பக்கங்களைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியிலிருந்து நான் நேரே சங்கத்துக்கு வந்தேன். என் மனைவி சரோஜா அப்போது அங்கே படுத்திருந்தாள். சுவருக்கு முன்னால் சிரிப்புச் சத்தம். பலசரக்குக் கடை கோபாலன், "நான் செத்த விவரம் என்கிட்ட ஆரும் பறஞ்சில்லையே" என்று விளக்குப் படம் போட்ட பக்கத்தில் தன் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே தேடினேன். என் பெயர் இருந்தது. அடுத்த வரியில் சரோஜா.

கூட்டத்தின் நடுவில் நின்று பத்மாவைக் கேட்டேன். "என் வீட்டுக்காரியை எங்கே கொண்டுபோய் வெச்சிருக்கே?" அவர் நகத்தாலேயே தாள்களைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்தார்.

இரண்டு மாதத்தில் சரோஜா இறந்தாள். அவளுக்கு இருந்த நோய் எனக்குத் தெரியும். தாளில் விழுந்த எண் யாரையும் கொல்லாது என்பதும் தெரியும். தெரிந்தும் ஆறு மாதம் நான் பத்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்துக்கு வந்தவரை வாசலோடு அனுப்பினேன். அது தவறு என்று நீங்கள் சிலர் அப்போதே சொன்னீர்கள். நான் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் என் பழைய காகிதங்களை எடுக்கச் சங்கத்து அறைக்குப் போனேன். பத்மா தனியாக உட்கார்ந்து, பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்து, உயிருடன் இருப்பவர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பத்துப் பெயருக்கு ஒரு கோடு போட்டு எண்ணினார். எத்தனையோ குறுக்குவழி கண்டுபிடித்தவர்.

"எண்ணுறதுக்கும் அதிலே ஒரு வழி இருக்குமே?" என்று கேட்டேன். ஆறு மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"உண்டு அண்ணே. ஒரு வரி அடிச்சாப் போதும்."

"பின்னே?"

"எனக்குப் பேடியாக்கும்," என்றார். பயம் என்று தமிழில் சொல்லக்கூட அவருக்கு வரவில்லை. "இதுக்கு ஆளையும் அறியாது, ஆயுசும் அறியாது. நாமதான் ஒவ்வொருத்தரையா பார்க்கணும்."

நான் எதிரே உட்கார்ந்தேன். அவர் படித்தார், நான் கோடு போட்டேன். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப்பின் எல்லாப் புத்தகங்களையும் அப்படித்தான் முடித்தோம்.

இப்போது செயலாளர் சொல்கிறார், "ஒரு எண்ணை மாத்தணும், ஒரு நிமிஷத்துப் பணி இல்லே அண்ணே?" தன் மருமகனை அனுப்புவதாகவும் சொன்னார். அந்தப் பிள்ளை கெட்டிக்காரன்தான்; ஆனால் மலையாளம் ஓடும் வேகத்தில் அவனுக்குத் தமிழ் ஓடாது. பெயரைப் படிக்க முடியாதவன் அதைத் தொட வேண்டாம் என்றேன்.

முந்தாநாள் நானே உட்கார்ந்தேன். முதலில் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்தேன். பிறகு மவுஸின் வயரைப் பிடுங்கி மேஜைக்குக் கீழே போட்டேன். அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகத் தட்டி அவர் பெயருக்குப் போனேன். கீழே அவர் மகள், பேத்தி, அதற்கும் கீழே தெரு முழுவதும். இரண்டு என்று அடித்தேன்.

மவுஸை மறுபடி மாட்டிப் பக்கங்களை அமைத்தேன். கையால் செய்த காலத்தில் ஒரு பெயரை எடுத்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். அதை நிரப்ப எனக்கு அரை மணி நேரமாகும். இப்போது கண்மூடித் திறப்பதற்குள் மகளின் பெயர் அந்த இடத்துக்கு ஏறிவிட்டது. அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது.

அச்செடுத்து, வாய்விட்டுப் படித்தேன். கோடு போட ஆள் இல்லை, நானே போட்டேன். நேற்று மாலை முடிந்தது. ஒருவர் குறைந்திருந்தார். அந்த ஒருவர் மட்டும்தான்.

பத்மா கண்டுபிடித்த வழிகளில் பாதிகூட எனக்கு வராது. கற்கவும் போவதில்லை. அவரிடமிருந்து அவருடைய பேடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது என்னோடு இருக்கட்டும். என் பெயருக்கு எதிரே எண்ணை மாற்றப்போகிறவர் யாரென்று தெரியாது. அவரிடம் கேட்பது ஒன்றுதான். மாற்றிய பிறகு, மிச்சம் இருக்கும் எல்லாரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.