பழனிக்குப் பிடித்த வேன் மதுரைக்குப் போனது

முருகனை நம்பியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எழுந்து பேசக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

வடகவுஞ்சிப் பக்கம் மலையில் எங்களுக்குப் பூண்டு விவசாயம். என் மகள் செல்விக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவள் தம்பியிடமிருந்து ஸ்டெம் செல் எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். பிழைத்தோம் முருகா என்று கும்பிட்டேன். எங்கே பிழைத்தோம்? அடுத்த தொல்லை வந்தது.

சி.எம்.வி. என்று ஒரு கிருமியாம். நம்மில் நிறையப் பேர் உடம்பில் அது பேசாமல் படுத்துக் கிடக்குமாம், நமக்கு ஒன்றும் செய்யாதாம். செல்வி மாதிரி எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு எழுந்துகொள்ளும். நுரையீரல், குடல், கண் என்று எங்கும் போகும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், கிருமி ஏறினால் உடனே மருந்து என்றார் டாக்டரம்மா.

ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரா வாரம் மலை இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அவளுக்கு வாந்தி. வீட்டுக்கு வந்தால் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். ஒருவர் இருமிக்கொண்டே கன்னத்தைத் தடவுவார். ஒருவர் பஞ்சாமிர்தத்தை வாயில் ஊட்ட வருவார். வெளிச் சாப்பாடு கூடாது என்றால், சாமி பிரசாதத்தில் கிருமி இருக்குமா என்று என்னிடமே கேட்பார்கள். எனக்கு அலுத்துப் போனது.

எல்லாரையும் மிஞ்சியவர் என் மதினி, வீட்டுக்காரருடைய அக்கா. நோய் வந்த உடனே செல்வியின் முடியைப் பழனிக்குத் தருவதாக நேர்ந்திருந்தார். அதற்குள் மருந்தில் முடி கொட்டிவிட்டது. முருகனுக்குச் சொன்ன முடியை ஆஸ்பத்திரிக்காரன் வாங்கிக்கொண்டான் என்று அவருக்கு ஓயாத குறை. முடி கொஞ்சம் முளைத்ததும் கிருத்திகைக்கு மொட்டை என்று முடிவு செய்து வேனும் பிடித்துவிட்டார். அன்றைக்குத்தான் ரத்தம் கொடுக்கும் நாள். கூட்டத்துக்குப் போகக் கூடாது, சவரக்கத்தி படக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைச் செல்வி சொல்லிப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்கா. ஒரு வாரம் ரத்தம் எடுக்காட்டி என்ன ஆகிப் போகும்? சாமி கடன் அப்படியே கெடக்கு" என்றார் மதினி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாமி படத்துக்கு முன் நின்று முருகனிடம்தான் கோபப்பட்டேன். கிருமி வரக் கூடாது என்று உன்னைக் கேட்டுக் கேட்டு என் நாக்கு தேய்ந்துவிட்டது, இப்போது உன் பேரைச் சொல்லியே பரிசோதனையை நிறுத்துகிறார்கள், நீ வந்து சொல், இல்லை என்றால் என் வாயையாவது திற என்றேன்.

கிருத்திகையன்று வெள்ளனே வேன் வந்தது. சொந்தக்காரர்களோடு எல்லோரும் ஏறினோம். வண்டி பழனிப் பக்கம் கிளம்பியது. செல்வி முகக்கவசத்துக்கு மேலே என்னையே பார்த்தாள்.

"தம்பி, வண்டியத் திருப்புங்க. மதுரைக்குப் போகணும்."

நான்தான் டிரைவரிடம் சொன்னேன்.

"ஏண்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா? இது மொட்டைக்குப் போற வண்டி" என்றார் மதினி.

"முடி இன்னும் வளரும் மதினி. பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு தருவா? முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

டிரைவர் திருப்பிவிட்டார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். மதினி மட்டும், நான் பிடித்த வண்டி, நான் ஏன் இறங்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார். கட்டிவந்த புளிச்சோற்றை எனக்கு ஒரு வாய் கூடத் தராமல் தனியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் முடிவு வந்தது. கிருமி ஏறியிருந்தது. உடனே படுக்க வைத்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதற்கு ஒரு ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி காத்திருப்பு. முருகா, ஒரு வேலையையாவது ஒழுங்காக முடித்துக் கொடேன் என்று அங்கேயும் சண்டை போட்டேன். கிருமி மெல்ல இறங்கியது. பிறகு பரிசோதனையில் தெரியவே இல்லை.

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம்மா. அந்த வாரம் விட்டிருந்தா கஷ்டமாப் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. மதினி பக்கத்தில் நின்று கேட்டார்.

ஊருக்கு வந்ததும் யாரிடமும் சொல்லாமல் பழனிக்குப் போய்த் தன் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார். நான் திகைத்துப் போனேன்.

"என்ன பாக்குற? அவனுக்கு முடிதான வேணும்" என்று சொல்லிவிட்டுச் சந்தனம் பூசிய தலையோடு பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் கேட்டது கிருமி வரக் கூடாது என்று. அதை முருகன் கொடுக்கவில்லை. வாயைத் திற என்றேன், திறந்தான். என் மகள் இன்று பூண்டுக் காட்டு வரப்பில் நடக்கிறாள். நானும் இப்போது இருமிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் முருகனை நம்பி, கோபித்துக்கொண்டாவது கேளுங்கள். ஆனால் ரத்தம் கொடுக்கிற நாளை விடாதீர்கள்.

ஏற்றிய மருந்துக்குக் கான்சிக்ளோவிர் என்று பேர், செல்வி சொல்லித்தான் எழுதினேன். கிருமியைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்று படித்தவர்கள் யாராவது ஒரு டாக்டரிடம் கேட்டுப் பார்த்து, தப்பிருந்தால் திருத்திப் போடுங்கள்.